கொடுக்கலாமா, கொடுக்கவேண்டுமா?
(பூர்வக்குடியினர் நில உரிமையின் வரலாறு)

ஐந்தாம் ஆண்டு மாணவர்க்குத் தமிழ் கற்பிக்கும்பொழுது, ‘வீட்டுப் பாடம் செய்யலாம்’, ‘வீட்டுப் பாடம் செய்யவேண்டும்’ என்னும் இரு தொடர்களைப் பலகையில் எழுதி, இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாடு யாது என்று வினவுவது என் வழக்கம். ஒரு முறை பின்வரிசையில் இருந்த சிறுவன் ஒருவன் எழுந்து, “முதல் வாக்கியத்தில் நாங்கள் தப்பித்துக்கொள்ளலாம், ஐயா; இரண்டாவதில் முடியாது” என்றான். வகுப்பே சிரித்தது. ஆயினும் அவன் கூறியதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் கண்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து, நம் நாட்டுச் சட்டம் ஒன்றைப் படிக்க நேர்ந்தபொழுது அச்சிறுவனின் விடை நினைவுக்கு வந்தது. அது 1954ஆம் ஆண்டின் பூர்வக்குடியினர் சட்டம். அதன் 11ஆம் பிரிவு, பூர்வக்குடியினர் வளர்த்த பழமரங்களும் இரப்பர் மரங்களும் நிற்கும் அரசு நிலம் பிறருக்குக் கொடுக்கப்படுமாயின், அம்மரங்களுக்கு நட்ட ஈடு கொடுக்கப்படவேண்டும் என்கிறது. அடுத்த பிரிவு, அவர்களுக்கென அறிவிக்கப்பட்ட நிலத்தையே திரும்ப எடுத்துக்கொண்டால் மாநில அரசு நட்ட ஈடு கொடுக்கலாம் என்கிறது. மரத்துக்கு ‘வேண்டும்’, மண்ணுக்கு ‘லாம்’. இந்த ஒரு வினைமுடிவு ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வை அரை நூற்றாண்டுக் காலம் எவ்வாறு ஆட்டிவைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைக்கு அப்பால்

நான் பிறந்து வளர்ந்த தோட்டத்தின் எல்லையில் ஒரு சிற்றாறு ஓடியது. அதற்கு அப்பால் தெமுவான் மக்களின் கம்பம் இருந்தது. டுரியான் பருவத்தில் அவர்கள் கூடை நிறையப் பழமும், கட்டுக் கட்டாகப் பெத்தாய்க் காயும் சுமந்துகொண்டு எங்கள் லயத்துக்கு வருவார்கள். நம் பெண்கள் உப்பும் சர்க்கரையும் பழந்துணியும் கொடுத்து மாற்றிக்கொள்வார்கள். எங்கள் பெரியவர்கள் அவர்களைச் ‘சக்காய்’ என்றே அழைத்தனர். அது அடிமை, ஏவலாள் என்னும் இழிபொருள் கலந்த சொல் என்பதை அறிந்தா அழைத்தனர்? இல்லை, ஊர் வழக்கைத் தாமும் சொன்னார்கள், அவ்வளவே.

அச்சொல்லின் பின்னால் ஒரு கொடிய வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை இம்மக்களின் குடியிருப்புகளைத் தாக்கி, பெண்டு பிள்ளைகளைப் பிடித்துச் சென்று அடிமைகளாக விற்ற கூட்டத்தார் இருந்தனர். காட்டின் உட்புறத்தே அவர்கள் ஒதுங்கி வாழ்ந்தமைக்கு அந்த அச்சமும் ஒரு காரணமாகும். “நாகரிகத்தை வெறுத்து ஓடினார்கள்” என்று எளிதிற் கூறிவிடுகிறோம். அவர்கள் அஞ்சி ஓடியது ஆள்பிடிப்பவர்களைக் கண்டுதான்.

இன்று அவர்களை ‘ஓராங் அஸ்லி’, அதாவது முதற்குடிகள் என்கிறோம். தீபகற்பத்தில் அவர்கள் செமாங், செனோய், பூர்வ மலாய்க்காரர் என மூன்று பெரும்பிரிவினராகவும், அவற்றுள் 18 இனத்தாராகவும் வகுக்கப்படுகின்றனர். பத்தேக், ஜஹாய் ஆகியோர் முதற்பிரிவினர். செமாய், தெமியார் ஆகியோர் இரண்டாம் பிரிவினர். தெமுவான், ஜக்கூன், செமெலாய் ஆகியோர் மூன்றாம் பிரிவினர். செமாய், தெமியார் போன்றோரின் மொழிகள் மலாய் மொழியோடு சேராதவை. மோன், குமேர் மொழிகளுக்கு உறவானவை. எல்லா இனத்தாரையும் கூட்டினாலும் தொகை ஏறத்தாழ 2 இலட்சமே. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஒருவர் என்றுகூடக் கணக்கிட இயலாத சிறுபான்மை இது.

போரிற் பிறந்த சட்டம்

இவர்களுக்கெனத் தனிச் சட்டம் முதலில் தோன்றியது பேராக் மாநிலத்தில், 1939ஆம் ஆண்டில். தெமியார் மக்களிடையே வாழ்ந்து அவர்களை ஆராய்ந்த எச். டி. நூன் என்னும் ஆங்கிலேயர், 1936இல் வெளியிட்ட அறிக்கையில் இம்மக்களுக்கு நிலம் ஒதுக்கிக் காத்தல் வேண்டும் என வற்புறுத்தியிருந்தார். அவ்வறிக்கையே இச்சட்டத்துக்கு வித்தாயிற்று.

அதன்பின் நாட்டின் கவனம் காட்டின்மேல் திரும்பியது அவசரகாலத்தின்போதுதான். 1948இல் தொடங்கிய அப்போரில், கம்யூனிஸ்டுக் கெரில்லாக்கள் காட்டினுள் புகுந்து பூர்வக்குடியினரிடம் உணவும் வழிகாட்டலும் பெற்றனர். அதைத் தடுக்க விரும்பிய அரசாங்கம், ஆயிரக்கணக்கானோரைக் காட்டிலிருந்து அகற்றி முட்கம்பி வேலிக்குள் குடியேற்றியது. வெப்பம் மிகுந்த சமவெளியில், பழகாத உணவும் பழகாத நோயும் சேர்ந்து அவர்களைத் தாக்க, நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். தவற்றை உணர்ந்தபின் அரசாங்கம் முறையை மாற்றிற்று. மக்களைக் காட்டிலேயே இருக்கவிட்டு, 1953 முதல் காட்டுக்குள் கோட்டைகளை அமைத்து, மருந்தும் பொருளும் கொடுத்து அவர்களைத் தன்பால் ஈர்த்தது. கெரில்லாக்கள் இவர்களை ‘அசால்’ என மதிப்புடன் அழைத்ததைக் கண்டே, அரசாங்கமும் ‘சக்காய்’ என்னும் சொல்லை விலக்கிப் ‘பூர்வக்குடி’ எனப் பொருள்படும் சொல்லை ஏற்றது. ஒரு நல்ல பெயர் பெறுவதற்குக்கூட ஒரு போர் தேவைப்பட்டது!

1954ஆம் ஆண்டுச் சட்டம் இச்சூழ்நிலையில் பிறந்தது. அதில் நன்மைகள் இல்லாமல் இல்லை. பூர்வக்குடிப் பிள்ளை என்னும் ஒரே காரணத்தால் எந்தக் குழந்தையையும் எந்தப் பள்ளியிலும் சேர்க்க மறுக்கலாகாது என்று அதன் 17ஆம் பிரிவு கூறுகிறது. ஆசிரியர் எவரும் அதைப் பாராட்டுவர். ஆனால் நிலத்தைப் பற்றிய பிரிவுகளைப் பாருங்கள். மாநில அரசு ஓர் இடத்தைப் பூர்வக்குடிப் பகுதி என்றோ, ஒதுக்கிடம் என்றோ கெஜட்டில் அறிவிக்கலாம். அவ்வறிவிப்பைத் திரும்பப் பெறலாம். குடியிருக்கும் உரிமை கொடுக்கலாம். அப்படிக் கொடுத்தாலும், குடியிருப்பவர் அரசின் விருப்பம் உள்ளவரை இருக்கும் குடிவாரத்தாரே ஆவர். வனக் காப்பிடத்திலும் விலங்குக் காப்பிடத்திலும் அவர்கள் தொடர்ந்து வாழலாம்; வெளியேறுமாறு அரசு கட்டளையிடவும் செய்யலாம். எங்கு நோக்கினும் ‘லாம்’!

இதனோடு அரசமைப்பில் உள்ள ஒரு சிக்கலையும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பூர்வக்குடியினரின் நலம் கூட்டரசின் பொறுப்பு. நிலமோ மாநிலத்தின் அதிகாரம். நலம் பேசுகின்ற கையில் நிலம் இல்லை. நிலம் வைத்திருக்கின்ற கைக்கு நலம் பேசும் கடமை இல்லை. இவ்விரண்டு கைகளுக்கும் இடையே விழுந்து போனவை பல.

காகிதத்தில் ஒரு வாக்குறுதி

விடுதலைக்குப் பின், 1961இல், உள்நாட்டு அமைச்சு ஒரு கொள்கை அறிக்கை வெளியிட்டது. நிலத்தைப் பொறுத்தமட்டில் பூர்வக்குடியினரின் தனி நிலை ஏற்கப்படும் என்றும், அவர்களுடைய முழுச் சம்மதமின்றி மரபுவழி வாழிடத்திலிருந்து அவர்களை அகற்றுவதில்லை என்றும் அது உறுதி கூறிற்று. பழங்குடி மக்களின் சுதந்திரமான முன்சம்மதம் பெறாமல் இடம்பெயர்த்தல் கூடாது என்று ஐக்கிய நாடுகள் மன்றம் அறிவித்தது 2007 செப்டம்பர் 13ஆம் நாள். அதற்கு ஆதரவாக வாக்களித்த 144 நாடுகளில் மலேசியாவும் ஒன்று. உலகம் சொல்வதற்கு 46 ஆண்டுகள் முன்னரே நாம் சொல்லிவிட்டோம். இது நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தியே.

ஆனால் கொள்கை வேறு, சட்டம் வேறு. 1970களின் பிற்பகுதியில் பேராக்கின் வடபகுதியில் தெமெங்கோர் அணை எழுந்தபொழுது, தெமியார், ஜஹாய் மக்கள் தம் பள்ளத்தாக்குகளை விட்டு மறுகுடியேற்றத் திட்டங்களுக்குச் சென்றனர். பின்வந்த ஆண்டுகளில் அணைகள், சாலைகள், செம்பனைத் திட்டங்கள் என்று ஒவ்வொன்றாக வந்தன. ஒவ்வொரு முறையும் மரங்கள் எண்ணப்பட்டன. நிலம் அளந்து விலை பேசப்படவில்லை.

இதை நானே கண்டிருக்கிறேன். 1990களில் இளம் ஆசிரியனாக இருந்த காலத்தில், மேலே சொன்ன அந்தக் கம்பத்தின் வழியே ஒரு பாதை வருவதாகச் செய்தி வந்தது. அதிகாரிகள் வந்து டுரியான் மரங்களில் சிவப்புச் சாயத்தால் எண் இட்டுச் சென்றனர். காய்க்கும் மரம் ஒரு விலை, காய்க்காத மரம் ஒரு விலை. மரத்தடியில் இருந்த கல்லறைகளுக்கு எண் இல்லை. ஓராண்டுக்குள் கம்பம் வேறிடம் போயிற்று. நாங்கள் தோட்டத்தில் இருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தோம். அது தவறு என்று சொல்ல எங்களுக்குத் தோன்றவுமில்லை.

லிங்கியு ஆற்றங்கரை

சிங்கப்பூர் வாசகர்கள் லிங்கியு என்னும் பெயரை அறிந்திருப்பர். ஜொகூர் ஆற்றின் நீரோட்டத்தைச் சீராக வைத்து, கீழ்ப்பகுதியில் சிங்கப்பூருக்கான நீரை எடுப்பதற்கு உதவும் நீர்த்தேக்கம் அது. ஜொகூர் மாநிலமும் சிங்கப்பூரும் 1990இல் செய்துகொண்ட உடன்பாட்டின் விளைவு. அந்நீர்த்தேக்கத்துக்கும் அதன் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குமாக எடுக்கப்பட்ட காட்டில் ஜக்கூன் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் பிரம்பு வெட்டியும், பழம் பறித்தும், வேட்டையாடியும் வாழ்ந்து வந்தனர். அவர்களுக்கு மரங்களுக்கும் பயிர்களுக்கும் மட்டும் ஈடு கொடுக்கப்பட்டது.

அவர்களுள் 52 பேர் நீதிமன்றம் சென்றனர். 53,273 ஏக்கர் பற்றிய வழக்கு அது. 1997இல் ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் தீர்ப்பளித்தார். எழுதப்பட்ட சட்டம் ஒருபுறம் இருக்க, முன்னோர் காலந்தொட்டு அந்நிலத்தைப் பயன்படுத்தி வந்தமையாலேயே பொதுச் சட்டத்தின்கீழ் அவர்களுக்கு உரிமை உண்டு என்றார். கனடாவில் 1973இலும், ஆஸ்திரேலியாவில் 1992இலும் வந்த புகழ்பெற்ற தீர்ப்புகளைத் துணைக்கொண்டார். இழந்தவை எவை என ஐந்து கூறுகளாக அவர் வகுத்தது நோக்கத்தக்கது: முன்னோர் நிலம், தங்கி நடமாடும் சுதந்திரம், காட்டு விளைபொருள், தமக்கும் தம் குடும்பத்துக்கும் உரிய வருங்கால வாழ்வு, சந்ததியாரின் வருங்கால வாழ்வு. ஈடாக விதித்த தொகை 2 கோடியே 65 இலட்சம் வெள்ளி. மறு ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

சிங்கப்பூரிலோ ஜொகூரிலோ தண்ணீர் வேண்டாம் என்று கூறுவார் உண்டா? இல்லை. அம்மக்களும் அவ்வாறு கூறவில்லை. பலருடைய தாகம் தீர்வதற்குச் சிலர் தம் ஊரை இழக்கும்போது, அவ்விழப்பைச் சரியாகக் கணக்கிடவேண்டும் என்பதே வழக்கு.

புக்கிட் தம்போய்த் தீர்ப்பு

லிங்கியு வழக்கு காட்டைப் பயன்படுத்தும் உரிமையை நிலைநாட்டியது. நிலமே அவர்களுடையதா என்னும் வினா எஞ்சி நின்றது. அதற்கு விடை, சிலாங்கூரில் டெங்கிலுக்கு அருகில் உள்ள புக்கிட் தம்போய் என்னும் தெமுவான் கம்பத்திலிருந்து வந்தது. சிப்பாங் விமான நிலையத்துக்குச் செல்லும் நெடுஞ்சாலைக்காக 1995இல் அங்கே ஏறத்தாழ 38 ஏக்கர் எடுக்கப்பட்டது. வீடுகளுக்கும் பயிர்களுக்கும் மரங்களுக்கும் ஈடு தந்தனர், மண்ணுக்கு இல்லை. சாகோங் பின் தாசி முதலான எழுவர் வழக்குத் தொடுத்தனர்.

2002 ஏப்ரலில் ஷா ஆலாம் உயர்நீதிமன்ற நீதிபதி முகமட் நூர் அகமட், குடியிருந்த நிலத்திலேயே அவர்களுக்குச் சொத்துரிமை உண்டு என்று தீர்ப்பளித்தார். எழுத்துச் சான்று இல்லாத மக்களின் வாய்மொழி வரலாற்றையும் அவர் சான்றாக ஏற்றார். பாட்டி சொன்ன கதையும், தாத்தா நட்ட மரமும், முன்னோரைப் புதைத்த மேடும் நீதிமன்றத்தில் பேசலாயின. கதைகளையும் வழக்காறுகளையும் சேர்த்து வைப்பது வீண் வேலை என்று எண்ணும் ஆசிரியர் யாரேனும் இருப்பின், இத்தீர்ப்பை நினைவிற் கொள்வாராக.

2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் இதை உறுதிசெய்தது. நீதிபதி கோபால் ஸ்ரீராம் எழுதிய அத்தீர்ப்பில்தான் நம் இலக்கணப் பாடம் வருகிறது. தகுந்த ஈடு இல்லாமல் எவருடைய சொத்தையும் எடுத்தல் கூடாது என்பது அரசமைப்பின் 13ஆம் விதி. அவ்விதிக்கு இயைய வேண்டுமாயின், 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12ஆம் பிரிவில் உள்ள ‘கொடுக்கலாம்’ என்பதைப் ‘போதிய ஈடு கொடுக்கவேண்டும்’ என்றே வாசித்தல் முறை என்றது நீதிமன்றம். மேலும், கெஜட்டில் அறிவிக்காமல் விட்டது அரசின் தவறு; அத்தவற்றைக் காட்டி அரசே பயன்பெறுதல் தகாது என்றும் கூறியது. 2010 மே மாதத்தில் 65 இலட்சம் வெள்ளி ஈட்டோடு வழக்கு உடன்பாட்டில் முடிந்தது. ‘லாம்’ என்பது ‘வேண்டும்’ ஆவதற்கு 51 ஆண்டுகள். பணம் கைக்கு வருவதற்கு மேலும் 5 ஆண்டுகள்.

வெற்றி முழுமையானது அன்று. உயர்நீதிமன்றம் ஏற்றது குடியிருந்த நிலத்தின் உரிமையை. உணவு தேடித் திரிந்த பெருங்காட்டின்மேல் அத்தகைய உரிமை இல்லை என்றது. நிலைத்த ஊரின்றி இடம் மாறி வாழும் மக்களுக்குக் காடே ஊர் அன்றோ? அவர்கள் நிலை யாது?

காட்டைக் காப்பதும் மக்களைக் காப்பதும்

இவ்வினா நம்மைத் தேசியப் பூங்காவுக்கு இட்டுச்செல்கிறது. பகாங், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களின் எல்லை கூடும் இடத்தில், தியோடர் ஹபாக் என்பாரின் இடைவிடா முயற்சியால் 1938-39இல் அமைந்த அப்பூங்கா 4,343 சதுர கிலோமீட்டர் பரப்புடையது. மன்னர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரால் அமைந்து, விடுதலைக்குப் பின் ‘தாமான் நெகாரா’ ஆயிற்று. அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பத்தேக் மக்கள் அக்காட்டில் வாழ்ந்து வருகின்றனர். பூங்காவுக்கு வெளியே காடு அழிந்து செம்பனை வளர வளர, அவர்களுக்குப் பூங்காவே புகலிடம் ஆயிற்று. ஆனால் அங்கும் அவர்கள் இருப்பது அனுமதியால், உரிமையால் அன்று. பூங்காவின் விளிம்பில், செம்பனை சூழ்ந்த கோல கோ என்னும் இடத்தில் 2019இல் பத்துப்பேருக்கு மேற்பட்ட பத்தேக் மக்கள் அடுத்தடுத்து மாண்டனர். தட்டம்மை என்று மருத்துவச் சோதனை காட்டிற்று. வளர்ச்சிக்கும் பாதுகாப்புக்கும் நடுவே நெருக்கப்பட்ட ஒரு கூட்டம் எவ்வளவு மெலிந்துவிடும் என்பதற்கு வேறு சான்று வேண்டா.

நல்ல அறிகுறிகளும் உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டம், பூர்வக்குடியினர் தம் உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட இடமளிக்கிறது, விற்பதற்கு இல்லை. செமெலாய் மக்கள் தோணி செலுத்தி மீன் பிடித்து வாழும் தாசேக் பெரா, 1994இல் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலமாக உலகப் பட்டியலில் இடம்பெற்றது. அது காக்கத்தக்க நிலையில் உலகின் கைக்குக் கிடைத்தது எப்படி? அங்கு வாழ்ந்தவர்கள் அழிக்காமல் வைத்திருந்ததால் அன்றோ?

அனுமதிக்கும் உரிமைக்கும் உள்ள தூரத்தை ஆப்பிரிக்காவின் மாசாய் மக்களும் நன்கறிவர். தங்கனிக்காவில் ஆநிரை மேய்த்து வாழ்ந்த அவர்கள், 1958இல் செரெங்கெட்டிப் புல்வெளியைத் தேசியப் பூங்காவுக்கு விட்டுக்கொடுத்து, அடுத்துள்ள கோரோங்கோரோ மேட்டுநிலத்தில் வாழ்ந்துகொள்ள உறுதிமொழி பெற்றனர். மனிதர் நலனும் விலங்கின் நலனும் மோதினால் மனிதர் நலனே முதன்மை என்று 1959இல் ஆளுநரே கூறினார். 1974இல் எரிமலைப் பள்ளத்தின் அடிநிலத்திலிருந்து அவர்கள் அகற்றப்பட்டனர். 1975இல் பயிரிடுதல் தடைசெய்யப்பட்டது. 2022இல் நெடுந்தொலைவில் உள்ள ம்சோமேராவுக்குக் குடியேற்றும் திட்டம் தொடங்கியது. வாக்குறுதி என்பது கொடுத்தவர் நினைவில் இருக்கும்வரை. உரிமை என்பது பெற்றவர் கையில் இருப்பது.

நமக்கு என்ன?

“இவர்கள் என்றும் காட்டிலேயே இருக்கவேண்டுமா? பள்ளி வேண்டாமா, சாலை வேண்டாமா?” என்று கேட்பாருண்டு. நியாயமான கேள்வியே. பள்ளியும் மருத்துவமனையும் வேண்டும் என்று அம்மக்களே கேட்கின்றனர். அவற்றைப் பெறுவதற்கு நிலத்தை விலையாகக் கொடுக்கவேண்டும் என்பதைத்தான் மறுக்கின்றனர். நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கொடுத்ததற்காக யாரேனும் நம் வீட்டைக் கேட்டால் நாம் ஒப்புவோமா?

தோட்டத்துத் தமிழருக்கு இது விளங்காத செய்தி அன்று. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த லயம் நமக்குச் சொந்தமாக இருந்ததில்லை. வேலை உள்ளவரை வீடு. தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்ட காலத்தில், துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளியின் சிறுசேமிப்பைத் திரட்டித் தோட்டம் வாங்கச் செய்ததன் உட்பொருள் என்ன? காலடி மண் பிறர் விருப்பத்தில் இருக்கும்வரை வாழ்வும் பிறர் விருப்பத்திலேயே இருக்கும் என்பதுதான். நம் கதையும் அவர்கள் கதையும் ஒன்றல்ல. நாம் கப்பலேறி வந்தவர்கள். அவர்கள் வந்த காலத்தை வரலாறு எழுதி வைக்கவில்லை. நம் பாட்டன்மார் வெட்டித் திருத்திய காட்டில் அவர்களுடைய பாட்டன்மாரின் சுவடும் இருந்திருக்கும். ஆனால் ‘விருப்பம் உள்ளவரை இரு’ என்னும் சொல்லின் கனத்தை இருவரும் சுமந்தவர்கள்.

மனித உரிமை ஆணையம் பழங்குடியினர் நிலம் பற்றி நாடு முழுதும் விசாரித்து, 2013இல் 18 பரிந்துரைகளைக் கொண்ட அறிக்கையை வெளியிட்டது. நீதிமன்றங்கள் ஒரு வினைச்சொல்லைத் திருத்தி வாசித்துவிட்டன. எனினும் ஒவ்வொரு கம்பமும் தனித்தனியே வழக்காடித்தான் அவ்வாசிப்பைப் பெறவேண்டும் என்பது முறையாகுமா? சட்டப் புத்தகத்திலேயே ‘வேண்டும்’ என்று எழுதிவிட்டால், சாயம் பூசிய மரத்தடியில் எந்தக் கிழவரும் நிற்க நேராது.

ஆசிரியப் பெருமக்களே! அடுத்த முறை ‘லாம்’, ‘வேண்டும்’ என்னும் பாடத்தை நடத்தும்பொழுது, இந்த எடுத்துக்காட்டையும் மாணவர்க்குச் சொல்லுங்கள். சிற்றாற்றுக்கு அப்பால் இருந்தவர்களைப் பற்றி எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை. நம் மாணவர்கள் அவ்வாறு வளரவேண்டியதில்லை.